லெனேஷியா வரைபடத்தில் ஏன் சிவப்பு?

போன மாதம் எங்கள் ஊர் முழுக்க ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பக்கத்து மண் வரைபடம். வடக்கே பச்சை, நடுவில் மஞ்சள், நாங்கள் குடியிருக்கும் லெனேஷியா பக்கம் ரத்தச் சிவப்பு. மேலே யாரோ பெரிய எழுத்தில் "உங்கள் தோட்டத்து மண் விஷம்" என்று சேர்த்திருந்தார்கள். வரைபடத்தின் ஓரத்தில் இருக்க வேண்டிய குறிப்புக் கட்டத்தைக் காணோம். எந்தத் தனிமம், எந்த அளவுக்கு எந்த நிறம், யார் எடுத்த மாதிரி, எந்த வருஷம், ஒன்றும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கோயில் குழுவில் வந்தது, பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவில் வந்தது, தெருக்காவல் குழுவில் மூன்று பேர் தனித்தனியாக அனுப்பினார்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, ஆயா என்றுதான் கூப்பிடுவேன், அன்று சாயங்காலமே கதவைத் தட்டினார். பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகத்தான் பேசுவார். "கண்ணு, நீ இந்த மண்ணு வேலைதானே பாக்குற? நான் இத்தனை வருஷமா அந்தக் கீரையைத்தானே தின்னேன்?" என்றார். பயம் கொஞ்சம், கோபம் நிறைய.

ஆமாம், இந்த மண்ணு வேலைதான் பார்க்கிறேன். புவி வேதியியல். மண்ணிலும் தண்ணீரிலும் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று தேடுவது. சொந்த ஊர் சேலம், கருப்பூர் பக்கம். வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகளைப் பார்த்தே வளர்ந்தவள். அங்கே மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயற்கையிலேயே அதிகம். அடியில் இருக்கும் பாறை அப்படி. அதனால் "இந்த மண்ணில் உலோகம் அதிகம்" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, "அடியில என்ன பாறை?" என்ற கேள்விதான். அந்தப் படத்தைப் பார்த்தபோதும் அதையேதான் கேட்டேன்.

சிவப்பின் உருவத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. தங்கச் சுரங்கத்து மாசு என்றால் அது சுரங்கக் கழிவைக் கொட்டிய மண்மேடுகளைச் சுற்றித் திட்டுத் திட்டாக இருக்கும், காற்று போகும் திசையில் வால் நீளும், ஓடைகளை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். இந்தச் சிவப்பு அப்படி இல்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பட்டை, ஓரங்கள் கத்தரித்தது போல. புவியியல் வரைபடத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். மல்மானி டோலமைட் பாறைப் பட்டையும் அந்தச் சிவப்பும் ஏறக்குறைய ஒன்றாகப் பொருந்தின. டோலமைட் என்பது சுண்ணாம்புக்கல்லுக்கு உறவான, கால்சியமும் மெக்னீசியமும் உள்ள பாறை. டோலமைட்டின் மேல் ஒரு தனிமம் இப்படிச் சிவந்தால் அது பெரும்பாலும் மாங்கனீஸ். அப்புறம் தேடிப் பார்த்ததில் அசல் வரைபடமும் கிடைத்தது, மாங்கனீஸ்தான்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்த வரைபடங்களை எப்படிப் போடுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வேறு சில இடங்களில் பயம் கூடவும் செய்யும்.

நாடு முழுக்க மண் அள்ளுவது பெரிய வேலை. இங்கே பிரிட்டோரியாவில் இருக்கும் அரசுப் புவியியல் நிறுவனமான கவுன்சில் ஃபார் ஜியோசயின்ஸ் சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் வருஷக்கணக்காக எடுத்து வருகிறது. நம் ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் கிட்டத்தட்ட அதே நெருக்கத்தில்தான் எடுக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே வலையாகப் போட வேண்டும் என்று 1995-இல் ஆர்தர் டார்ன்லி என்பவர் தலைமையிலான குழு ஒரு திட்டம் கொடுத்தது: நிலப்பரப்பு முழுவதையும் 160 கிலோமீட்டருக்கு 160 கிலோமீட்டர் என்று ஏறத்தாழ 5000 கட்டங்களாகப் பிரிப்பது. அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் லெனேஷியாவும் சொவேட்டோவும் பிரிட்டோரியாவும் சேர்ந்தே விழுந்துவிடும்.

சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்பதும் நெருக்கம்தான், ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை தெரு! அந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. கணினிதான் இரண்டு பக்கத்து எண்ணையும் வைத்து நடுவில் நிறத்தைத் தடவிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி "இதோ என் வீடு, சிவப்பு" என்று விரல் வைத்தவர்கள் எல்லோரும் கணினியின் ஊகத்தின் மேல்தான் விரல் வைத்தார்கள்.

அதைவிட முக்கியம் நிறம். எங்கள் துறையில் வழக்கமாகச் செய்வது இது: கிடைத்த எண்களை எல்லாம் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பத்து சதவீதத்துக்குச் சிவப்பு கொடுப்பது. எங்கே வித்தியாசம் இருக்கிறது என்று கண்ணில் பட வேண்டும், அதற்காக. உலகத்திலேயே சுத்தமான தீவின் மண்ணை எடுத்து வந்தாலும் அதில் ஒரு பத்து சதவீதம் சிவப்பாகத்தான் வரும். கனிமம் தேடுகிறவர்களுக்கு இந்த வழி நல்ல வழி. ஆனால் சிவப்பைப் பார்த்தால் ஆபத்து என்று பழகிய கண்ணுக்கு இந்தப் படத்தை விளக்கம் இல்லாமல் கொடுப்பது தப்பு. நான் இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். நீலத்திலிருந்து பழுப்புக்குப் போகும் நிறவரிசை ஒன்றைப் போடலாம் என்றால் "பார்க்க எடுப்பாக இல்லை" என்கிறார்கள்.

சரி, பத்து சதவீதக் கணக்கை விட்டுவிட்டுச் சட்டம் சொல்லும் வரம்பை வைத்து நிறம் போடலாமே என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில் மாசடைந்த நிலத்துக்கான தேசிய நெறிகள் 2014-இல் அரசிதழில் வந்தன. அதில் முதல் கட்டச் சோதனைக்கு ஓர் அட்டவணை உண்டு. ஒரு கிலோ மண்ணில் மாங்கனீஸ் 740 மில்லிகிராம், தாமிரம் 16, ஈயம் 20. இதற்கு மேலே போனால் கவனித்துப் பார் என்று அர்த்தம். நிலத்தடி நீர் வரைக்கும் பாதுகாக்க வேண்டும் என்பதால் இவ்வளவு இறுக்கமாக வைத்தார்கள். ஆனால் கண்டங்களின் மேலோட்டில் சராசரியாகவே மாங்கனீஸ் 770 சொச்சம் இருக்கிறது, தாமிரம் 28 இருக்கிறது. அதாவது பூமியின் சராசரிப் பாறையைப் பொடித்துப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் அது இந்தச் சட்டத்தில் தேறாது. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே கிளிப்ரிவியர்ஸ்பெர்க் குன்றுகள் இருக்கின்றன, 270 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகியவை. அந்தப் பாறையிலிருந்து வந்த மண்ணில் தாமிரம் 16-க்குக் கீழே இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

இதைச் சொன்னால் சிலர் உடனே "அப்போ சட்டமே வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அந்த எண் கதவு மணி மாதிரி, அடித்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பே போலீசைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ஆயாவின் தோட்டத்தில் ஆகரை இறக்கினேன். ஆகர் என்பது கையால் திருகி மண்ணுக்குள் இறக்கும் நீளமான இரும்புத் துளைப்பான். முதல் வேலை, கையில் இருக்கும் மோதிரம் வளையல் எல்லாவற்றையும் கழற்றுவது. இது எல்லா மாதிரி எடுக்கும் கையேட்டிலும் இருக்கிற விதி. தங்கமும் வெள்ளியும் மண்ணில் கோடியில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு என்ற அளவுக்குத்தான் இருக்கும். உரசிய ஒரு துகள் போதும், ஆளில்லாத இடத்தில் தங்கச் சுரங்கம் கண்டுபிடித்துவிடலாம். துத்தநாகம் பூசிய கரண்டியும் கூடாது. வீடியோவில் என் வெறுங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகம் சுளிப்பார். நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மேலே பத்து சென்டிமீட்டர் வரைக்கும் நல்ல தோட்டத்து மண், ஆயா வருஷக்கணக்காகப் போட்ட சாணமும் சமையல் கழிவும். அதற்குக் கீழே செம்மண். இன்னும் கீழே போனதும் ஆகரில் ஒட்டி வந்தது வேறு சரக்கு: கரும்பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு, எடையே இல்லாதது போல லேசு. விரலில் தேய்த்தால் அடுப்புக்கரி போல அப்பிக்கொள்ளும், சோப்பு போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. இதற்கு இங்கே வாட் என்று பெயர். கட்டடப் பொறியாளர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே நெற்றியைச் சுருக்குவார்கள்.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. டோலமைட்டில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைந்து தண்ணீரோடு போய்விடுகின்றன. பாறையில் கொஞ்சமாக இருந்த மாங்கனீசும் இரும்பும் கரையாமல் ஆக்சைடாக அங்கேயே தங்கிவிடுகின்றன. பல லட்சம் ஆண்டுகள் இப்படி நடந்தால், பாறை இருந்த இடத்தில் பாறையின் எலும்புக்கூடு மாதிரி பஞ்சுபோன்ற ஒரு மிச்சம் நிற்கும். அதுதான் வாட். மாங்கனீஸ் அதில் அதிகமாக இருப்பதில் அதிசயமே இல்லை, அது மாங்கனீசால்தான் ஆனது.

மேலிருந்து விழுந்த மாசா, கீழிருந்து வந்த பாறைச் சரக்கா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஆழம்தான். காற்றிலோ தண்ணீரிலோ வந்தது மேல்மண்ணில் அதிகமாகவும், தோண்டத் தோண்டக் குறைவாகவும் இருக்கும். பாறையிலிருந்து வந்தது பெரும்பாலும் கீழே போகப் போக ஏறும். ஆயாவின் தோட்டத்தில் மாங்கனீஸ் ஏறிக்கொண்டே போனது. யாரும் கொட்டியது இல்லை. அந்த ஆக்சைடு கெட்டியாகப் பூட்டிக்கொண்ட சரக்கு. மண் புளிக்காத வரைக்கும், அதாவது அமிலமாகாத வரைக்கும், அவ்வளவு சீக்கிரம் கரைந்து கீரைக்குள் போகாது. டோலமைட் மண் இயல்பாகவே புளிப்புக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்.

வாட் மண்ணின் நிஜமான ஆபத்து வேறு. அது தண்ணீரில் அரித்துப் போகும், அடியில் குகை விழும், ஒரு நாள் மேலே உள்ள தரை உள்ளே இறங்கிவிடும். 1962 டிசம்பரில் இங்கிருந்து மேற்கே வெஸ்ட் டிரீஃபொன்டெய்ன் சுரங்கத்தில் கல் உடைக்கும் ஆலை முழுவதும் இப்படி விழுங்கப்பட்டு 29 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததால் வந்த வினை. எங்கள் பகுதியில் தண்ணீர்க் குழாய் கசிந்தால் உடனே புகார் கொடுக்கச் சொல்வது தண்ணீர்ச் செலவுக்காக மட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் பயமுறுத்த ஆசைப்பட்டவர்கள் இதை வைத்துப் பயமுறுத்தியிருந்தால் நானும் சேர்ந்து பயந்திருப்பேன்.

சரி, மாங்கனீஸ் கதை முடிந்தது என்று சாமான்களைக் கட்டும்போது, கையோடு இருந்த எக்ஸ்ஆர்எஃப் கருவியைச் சுவரோரம் காட்டினேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், விசையை அழுத்தினால் எக்ஸ் கதிரை மண்ணில் பாய்ச்சித் திரும்பி வரும் கதிரை வைத்துத் தனிமங்களைச் சொல்லும். ஆய்வகத்து அளவுக்குத் துல்லியம் இல்லை. ஆனால் எங்கே தோண்டலாம் என்று சொல்லிவிடும். வீட்டுப் பின்சுவரை ஒட்டி, சன்னலுக்குக் கீழே, ஆயா கொத்தமல்லி போட்டிருக்கும் இடத்தில் ஈயம் விறுவிறுவென்று ஏறியது. சாதாரணக் குடியிருப்பு மனைக்கு இதே நெறிகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 230 மில்லிகிராம். அதைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் தள்ளிக் கீரைப்பாத்திக்கு வந்தால் இறங்கிவிட்டது.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே உரிந்து நின்றது. சன்னல் சட்டத்தில் அடுக்கடுக்காகப் பழைய பெயின்ட். மேலே வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு மஞ்சள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். உரிந்து விழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இந்த ஈயம் எந்த நாட்டு வரைபடத்திலும் வராது. சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுப்பவர் வீட்டுச் சுவரோரம் போய் எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. ஊரின் பொது மண் எப்படி என்று பார்க்க அவர் வருகிறார். ஆகவே படத்தில் பச்சையாக இருக்கும் தெருவிலும் சுவரோரம் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் விளையாடுவது நடுத் தோட்டத்தில் இல்லை, சுவரோரம்தான். கையை வாயில் வைப்பார்கள். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆயாவின் கொள்ளுப்பேரனுக்கு இரண்டு வயது.

ஈயத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிடித்தது என்று சொல்வது சரியா தெரியவில்லை, ஆனால் இதில் துப்பறியும் சுவை இருக்கிறது. ஈயத்துக்குப் பல ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமம், அணுவின் எடை மட்டும் வேறு. 206 என்ற எண் கொண்டது யுரேனியம் சிதைந்து உண்டாவது. ஜோகன்னஸ்பர்க்கின் தங்கப் பாறையில் யுரேனியமும் கூடவே இருக்கிறது, அதுவும் 280 கோடி ஆண்டுக்கு மேலாகச் சிதைந்துகொண்டு. ஆகவே சுரங்கத் தூசியில் வரும் ஈயத்தில் 206 தூக்கலாக இருக்கும். பெட்ரோலில் கலந்த ஈயம் வேறு பழைய ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அதில் 206 குறைவு. இங்கே ஈயம் கலந்த பெட்ரோலை 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு புகைக்குழாயில் வந்ததெல்லாம் சாலையோர மண்ணில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஈயம் எங்கும் போகாது. ஒரு பிடி மண்ணை அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் விட்டால், இதில் கார் எவ்வளவு, சுரங்கம் எவ்வளவு என்று ஓரளவுக்குப் பங்கு பிரித்துவிடலாம்.

சுரங்கம் என்றதும் சொல்ல வேண்டியது வேறு தொனியில் வருகிறது.

1886-இல் லாங்லாக்டே பண்ணையில் தங்கம் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நகரமே உண்டானது. மேல்மட்டத்துப் பாறையில் தங்கம் எளிதாகப் பிரிந்தது. கொஞ்சம் ஆழம் போனதும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், கலந்த பாறை வந்தது. தங்கத்தைப் பிடிக்கப் பயன்படுத்திய பாதரசத்துக்கு அது பிடிபடவில்லை. 1890 வாக்கில் தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் சயனைடு முறை வந்து நகரத்தைக் காப்பாற்றியது. அதன்பிறகு பொடித்த பாறையை எல்லாம் மலைமலையாகக் கொட்டினார்கள். மஞ்சள் நிறத்தில், மேல்பக்கம் தட்டையாக, விமானத்திலிருந்து பார்த்தாலே தெரியும். இப்படி 270-க்கும் மேற்பட்ட மேடுகள், ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில். உள்ளே பைரைட், ஆர்செனிக், யுரேனியம். யுரேனியத்தை முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952-இல்தான் நகரத்துக்கு மேற்கே குரூகர்ஸ்டார்ப்பில் அதற்கென்று முதல் ஆலை திறந்தார்கள். அதற்கு முன்பு எல்லாம் கழிவோடு கழிவு.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். இங்கே அதே ஆடி மாதம் வறண்ட குளிர்காலத்தின் கடைசி. மழை பெய்து மாதக்கணக்காகியிருக்கும், புல் காய்ந்து கிடக்கும், ஆகஸ்ட் காற்று கிளம்பும். அம்மி இல்லை, சுரங்க மேடு பறக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவும் அப்போதுதான். இங்கே எல்லோரும் போரிட்ஜ் பிரேயர் என்கிறார்கள். கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கூழ் கொதிக்கும்போது, பெண்கள் இரண்டு பேர் துணியை விரித்து அண்டாவை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். பல்லில் நறநறவென்று மண் படக் கூடாது. அந்தத் துணியை உதறிய தூசியை நான் ஒருமுறை பொட்டலம் கட்டி எடுத்து வந்தேன். பூசாரி அதை விபூதி என்று நினைத்திருப்பார்.

காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். மேடுகள் கிழக்கு மேற்காக ஒரு வரிசை. வெள்ளைக்காரர்களின் குடியிருப்பு அதற்கு வடக்கே. சொவேட்டோ, லெனேஷியா எல்லாம் தெற்கே. இது தற்செயல் இல்லை. 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று தோல் நிறத்தைப் பார்த்து வகுத்தது. நகரத்துக்கு ஓரமாக இருந்த ஃபீட்டாஸில் பிறந்து வளர்ந்த ஆயாவின் குடும்பத்தை லாரியில் ஏற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இங்கே இறக்கிவிட்டார்கள். ஆயா அதைச் சொல்லும்போது வீட்டைப் பற்றிக்கூட அதிகம் சொல்ல மாட்டார், விட்டுவிட்டு வந்த கறிவேப்பிலை மரத்தைத்தான் சொல்வார். தூசி படியும் வரைபடத்தையும் அந்தச் சட்டத்தின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு விளக்கம் எதுவும் எழுதத் தோன்றாது.

தூசியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் இன்னும் மோசம். பைரைட்டில் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அதை வேகப்படுத்துவதற்கென்றே சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சுரங்கங்களை மூடி இறைப்பதை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் மெல்ல ஏறி, 2002 ஆகஸ்டில் குரூகர்ஸ்டார்ப் பக்கம் வெளியே வழிய ஆரம்பித்தது. செங்காவி நிறத்தில் ஓடிய அந்தத் தண்ணீர் ட்வீலோபி ஓடை வழியாக விலங்குப் பூங்காவுக்குள் போனது.

எங்கள் பக்கத்துக் கிளிப் ஆற்றில் சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது. நாணலும், அடியில் செடிகள் மக்கி உண்டான பல மீட்டர் மக்குக்கரியும். மேலே சுரங்கப் பகுதியிலிருந்து வரும் உலோகங்களை அது நூறு வருஷத்துக்கும் மேலாகப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் மெக்கார்த்தி 2006-இல் இந்த மக்குக்கரியை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து, மேலே வர வர மாசு கூடிக்கொண்டே வருவதைக் காட்டினார். நகரத்தின் கணக்குப் புத்தகம் அந்தச் சேற்றில் இருக்கிறது. டோலமைட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. அமிலத் தண்ணீர் அதில் பட்டதும் புளிப்பு இறங்கி, பல உலோகங்கள் படிந்துவிடும். அதுவரைக்கும் நல்லது. ஆனால் யுரேனியம் டோலமைட்டிலிருந்து கரைந்து வரும் கார்பனேட்டோடு கைகோத்துக்கொண்டு கரைந்தபடியே மேலும் போகும். டோலமைட் மற்றதைத் தடுக்கும், இதை மட்டும் வழியனுப்பிவைக்கும். கடைசியில் யுரேனியத்தைப் பிடிப்பது சதுப்பின் மக்குக்கரிதான். அந்தச் சதுப்பு வறண்டாலோ தீப்பிடித்தாலோ பிடித்துவைத்தது எல்லாம் கீழே போகும். எனக்குத் தூக்கம் கெடுக்கும் சிவப்பு அதுதான். வாட்ஸ்அப் படத்தில் அந்த இடம் வெளிர்மஞ்சள்.

நடுவில் ஒரு கேள்வி வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண், சந்தையில் விற்கும் வெள்ளைக் களிமண் கட்டியைத் தின்னலாமா என்று கேட்டாள். இங்கே ஆப்பிரிக்கப் பெண்களிடம் இது பரவலான பழக்கம், தெருவோரக் கடைகளில் சின்னப் பொட்டலமாகவே கிடைக்கும். நம் ஊரில் சாம்பலும் செங்கல் துண்டும் தின்ற பாட்டிகளை நினைத்தால் யாரையும் ஏளனம் செய்ய முடியாது. மசக்கைக்கு இதம் தருகிறது என்பார்கள், உண்மையாக இருக்கலாம். ஆனால் களிமண் வயிற்றுக்குள் போய் உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்து மண் என்று விற்கிறவருக்கே தெரியாது. வேண்டாம், டாக்டரிடம் ரத்தசோகை பார்க்கச் சொல் என்றேன்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். கீரைப்பாத்தி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். இலையில் ஒட்டும் தூசிதான் கவலை, வேர் வழியாக ஏறுவது குறைவு. ஆகவே தண்ணீரில் இரண்டு மூன்று அலசல், ஆகஸ்ட் மாதத்தில் இன்னும் ஒன்று கூட. கொத்தமல்லியைச் சுவரோரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். காய் கனிகளில் ஈயம் மிகக் குறைவாகத்தான் ஏறும், அதனால் அங்கே மிளகாய் போடலாம். மண்ணை வெறுமையாக விடாமல் எரு போட்டுப் புல் வளர்க்க வேண்டும். சன்னல் பெயின்டை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, நனைத்துச் சுரண்டித் துணியில் வாரிக் கட்டிப்போட வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு ஆயா, "மிளகாய்க்கு அங்க வெயில் பத்தாதே" என்றார். அது என்னுடைய துறை இல்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் அசல் வரைபடத்தைக் குறிப்புக் கட்டத்தோடு போட்டு, இது மாங்கனீஸ், இது பாறை, விஷம் இல்லை என்று நான்கு வரி எழுதினேன். முதலில் வந்த பதில், "அப்போ வீட்டு விலை குறையாதா?" என்பது. இரண்டாவது ஒரு ரோஜாப்பூ படம், காலை வணக்கம்.

சில பேர் தங்கள் வீட்டு மண்ணைக் கொண்டுவந்து தருகிறேன் என்றார்கள். நல்லது, ஆனால் இப்படிக் கொண்டுவாருங்கள். நாலைந்து இடத்தில் மேல் பத்து சென்டிமீட்டர் வரைக்கும் எடுத்து ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ போதும். பிளாஸ்டிக் கரண்டி, சுத்தமான ஜிப் பை. சுவரோரத்து மண்ணைத் தனிப் பையில், கலக்காமல். பையின் மேல் தேதி, எந்த மூலை, சுவர் எவ்வளவு தூரம், சாலை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வீடு கட்டிய வருஷம் தெரிந்தால் அதையும். அப்புறம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.